தெரிந்தே சிக்கினவர்

"பூட்டு சரியா இருக்கான்னு ஆட்டிப் பாக்குறதெல்லாம் ஒரு வேலையா?"

என்றோ ஒருவர் அவளிடம் கேட்ட கேள்வி. அலுத்துப்போன நாட்களில் அது தானாக வந்து காதில் உட்கார்ந்துகொள்ளும். இன்றும் அப்படித்தான்.

அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களில் திருடன் புகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாதம் ஒருமுறை, திருடனைப் போலவே ஊழியர்களுக்குப் பொய் மெயில் அனுப்புவாள். ஏமாந்து லிங்க்கைத் தொட்டவர்கள் மறுநாள் அவளிடம் வகுப்புக்கு வந்து உட்கார வேண்டும். அதனால் 'தூண்டில்' என்று அவளுக்குப் பட்டப்பெயர். கேன்டீனில் அவள் தட்டோடு வந்தாலே மேஜை காலியாகிவிடும்.

போனில் மேனேஜர் கத்தினார்.

"இந்த மாசமும் ஸ்டோர் கீப்பர்தானா?"

"ஆமா சார். அவர் ஒருத்தர்தான்."

"எல்லாரும் உஷாராயிட்டாங்க, இந்த மனுஷன் மட்டும் புழு எங்கேன்னு தேடி வந்து கடிக்கிறாரே! போதும்மா. இவரால ஆபத்துன்னு சாயங்காலத்துக்குள்ள எழுதிக் கொடு. வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"வகுப்பை முடிச்சிட்டு வரேன் சார்."

ஏசி ஒழுகும் அந்தச் சின்ன அறையில், வாளியைச் சொட்டுக்கு நேரே தள்ளி வைத்துவிட்டு முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் ஸ்டோர் கீப்பர். தண்ணீர் தொட்டு வாரிய தலை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.

"உக்காருங்க மேடம். கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. தூங்குறதே இல்லையா?"

"என் கண்ணை விடுங்க. ஸ்கிரீனைப் பாருங்க." அவள் ஒரு மெயிலைக் காட்டினாள். "இது போன வாரம் நிஜத் திருடன் அனுப்பினது. பாதி ஆபீஸ் ஏமாந்திருக்கும். முதல்ல போன் பண்ணி எச்சரிச்சது நீங்கதான். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அனுப்பின விலாசத்துல ஒரு எழுத்து கூடுதலா இருந்துச்சு. அதைவிட, நம்ம மேனேஜர் 'தயவுசெய்து'ன்னு எழுதுவாரா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அடுத்த மெயிலைக் காட்டினாள்.

"இது நேத்து நான் அனுப்பினது. இதுலயும் அதே கூடுதல் எழுத்து. அதே 'தயவுசெய்து'. இதுல மட்டும் எப்படி ஏமாந்தீங்க?"

அவர் வாளியில் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏமாறல."

"அப்போ தெரிஞ்சேதான் தொட்டீங்களா? போன மாசம்? அதுக்கு முந்தின மாசம்?"

"எல்லாம் தெரிஞ்சுதான்."

"ஊரே சிரிக்குது. உங்க வேலை போகப்போகுது. இந்த வகுப்புல அப்படி என்னதான் இருக்கு?"

"வேற எந்த வழியில நான் உங்க முன்னாடி வந்து உக்கார முடியும்?"

அவள் கையிலிருந்த ரிமோட் நழுவி மேஜையில் விழுந்தது. பிறகு ஒரு தாளின் ஓரத்தைக் கிழித்துத் தன் வீட்டு விலாசத்தை எழுதி நீட்டினாள்.

"நிஜத் திருடனோட மெயிலைப் பிடிச்சுக் கொடுத்தவரே இவர்தான்னு மேனேஜர்கிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே ஒரு மெயிலைத் தொட்டாலும் நானே எழுதிக் கொடுத்துடுவேன். பேசணும்னா ஞாயித்துக்கிழமை இங்க வாங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழக்கதோஷமாக எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே ஒருமுறை தட்டிக்கொண்டார்.

பூட்டை ஆட்டிப் பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டு, "அதுக்குத்தான் போவேன்னா இந்தப் பக்கம் வராதே" என்று அன்று அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய அப்பா எழுந்து போனார்.