கிரெடிட் மட்டும்

மதிய வெயில் பரிசோதனைக்கூடத்து ஜன்னல் வழியே விழுந்து, வரிசையாக நிற்கும் ரத்தக் குப்பிகளை மினுக்குகிறது. கையுறையைக்கூடக் கழற்றாமல், ஸ்பீக்கரில் போட்ட கைபேசியின் முன் நிற்கிறாள் அவள். கணினித் திரையில் இணையவழிப் பட்டப்படிப்பின் பக்கம். பழைய கல்லூரியில் முதலிடம் வாங்கிய பாடங்களுக்கெல்லாம் நேரே, பாடத்தை முடித்ததற்கான கிரெடிட் ‘ஏற்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கிறது; மதிப்பெண் இல்லை. மதிப்பெண் சராசரியின் தலையெழுத்தை எழுதியிருப்பது, குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது இந்தப் புதிய படிப்பில் அவள் எழுதிய ஒற்றைத் தேர்வு. “பழைய மார்க்கும் சேரும்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?” மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம். பணம் கட்டும்வரை தினமும் கூப்பிட்டு, “என்னை நம்புங்கக்கா” என்று தேனொழுகப் பேசிய சேர்க்கை ஆலோசகனின் அதே குரல், கொட்டாவியை விழுங்கிக்கொண்டு சொல்கிறது: “கிரெடிட்தான் சேரும், மார்க் சேராது, மேடம்.”