சேற்றில் விழுந்த அங்குசம்

காட்டில் பிடித்த யானையை மரக்கட்டைக் கூண்டில் அடைத்து இருபது நாளாகிவிட்டது. அதை அடக்கிப் பழக்கும் பொறுப்பு கொம்பையன் என்ற கும்கி யானைக்கு. கொம்பையனும் ஒரு காலத்தில் இதே கூண்டில் கிடந்தவன்தான். அந்தப் பேச்சை எடுத்தால் அவனுக்கு இப்போது பிடிக்காது.

கட்டைகளை முட்டிக்கொண்டிருந்த புதியவனைக் கொம்பையன் வெளியிலிருந்து தந்தத்தால் ஓர் இடி இடித்தான்.

"சும்மா நில்லுடா. அடங்கினா உனக்கும் என்னை மாதிரி ஒரு பேரு, வேளாவேளைக்கு ராகிக் களி."

"உன் முதுகில உட்கார்ந்திருக்கிற பாகன் உன் கால் பருமன்கூட இல்லையே அண்ணே. அவனுக்கா பயப்படறே?"

கொம்பையனுக்குச் சுருக்கென்றது.

"அவனுக்கு எவன்டா பயந்தான்? அவன் கையில அங்குசம் இருக்கு. அது மட்டும் இல்லேன்னா, இந்தக் கட்டைகளைப் பிய்ச்சு எறிஞ்சிட்டு உன்னையும் கூட்டிக்கிட்டுக் காட்டுக்குப் போயிருப்பேன்."

"சத்தியமா?"

"என் தும்பிக்கை மேல சத்தியம்."

அந்த நேரம் பார்த்துப் பாகன் வெற்றிலைக்காக மடியைத் துழாவினான். அங்குசம் நழுவிச் சேற்றில் விழுந்தது. பாகனின் முகம் வெளுத்துப்போனது.

"அண்ணே, விழுந்துடுச்சு! வா, போயிடலாம்!"

கொம்பையன் அங்குசத்தைப் பார்த்தான். ஒருமுறை காட்டுப் பக்கமும் பார்த்தான். பிறகு அதைத் தும்பிக்கையால் எடுத்து, புல்லில் நன்றாகத் துடைத்து, தலைக்கு மேலே நீட்டினான். பாகன் வாங்கிக்கொண்டான்.

"ஏண்ணே இப்படிப் பண்ணினே?"

"விவரங்கெட்டவனே," என்றான் கொம்பையன். "சேத்துல கிடந்தா துருப்பிடிச்சுப் போயிடாதா?"