ஆயுள் தடை

பட்டியலில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருந்தது.

உத்திரமேரூர் பள்ளி மைதானத்தில் காலையிலிருந்து பெண்களுக்கான கபடித் தேர்வு. ஐந்து ரெய்டு போய் ஐந்திலும் புள்ளி எடுத்துவிட்டாள் சசிரேகா.

அடுத்து எதிரணிப் பெண் பாடி வந்தபோது, அவள் விரல் நுனி சசிரேகாவின் தோளில் பட்டதை நடுவர்கூடப் பார்க்கவில்லை. சசிரேகாவே கையைத் தூக்கிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

அந்த ஆளுக்குப் போய் இப்படி ஒரு பெண்ணா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த ஆள், அவளுடைய அப்பா துரைராஜ், எங்கள் வட்டாரக் கபடிச் சங்கத்தின் செயலாளர். பதினான்கு வருடங்களுக்கு முன்னால் எனக்கு ஆயுள் தடை போட்டவர்.

சம்பளம் கொடுக்கும் தனியார் லீக் ஒன்றில் ஆடினேன், அதுதான் குற்றம். இந்தப் பக்கத்தில் சம்பளம் வாங்கிக் கபடி ஆடிய முதல் ஆள் நான்தான். எனக்குப் பின்னால் போன பத்துப் பேருக்கும் அதே தடை.

அந்த லீக் ஒரே சீசனில் இழுத்து மூடப்பட்டது. திரும்பி வந்தால் சங்கம் சேர்க்கவில்லை. மாநில அணி போனது. அதை வைத்துக் கிடைக்கவிருந்த ரயில்வே வேலையும் போனது. இருபத்திரண்டு வயதில் ரைஸ் மில்லுக்கு மூட்டை தூக்கப் போனேன்.

மூன்று நாள் அவர் வீட்டு வாசலில் நின்றேன். விதி விதிதான் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது வந்திருப்பதும் ஒரு தனியார் லீக்தான். அதற்கு இங்கே ஆள் எடுப்பவன் நான்.

வேகாத வெயிலில் துரைராஜ் என் மேசைக்கு வந்தார். மகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சுவார், முடியாது என்று சொல்லி அனுப்பலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டதோ வேறு.

"முத்துவேலு, அவ பேரை எடுத்துடுபா. நான் சொன்னா கேக்க மாட்டேன்றா. அவ போனா நாந்தான் தடை போட்டு கையெழுத்து வைக்கணும். வைக்கலன்னா நீங்க பதினோரு பேரும் என் வூட்டாண்ட வந்து நிப்பீங்க."

முகம் கறுத்துப்போயிருந்தது. பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

கடைசி இடத்தில் சசிரேகா என்று எழுதி, அவர் படிக்கும்படி தாளைத் திருப்பி வைத்தேன்.

"எனக்குப் போட்ட மாரியே போடுங்க சார். உங்களுக்கு இன்னா, பழகுன கைதானே."

அவர் தாளைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

சசிரேகா ஓடி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, அடுத்த வருடமும் இதே அணியில் ஆட முடியுமா என்று கேட்டாள்.

நன்றாக ஆடினால் ஆடலாம் என்றேன்.

இந்த வருடத்தோடு லீக்கை மூடுகிறார்கள் என்று நேற்றே எனக்குப் போன் வந்துவிட்டது.