பச்சைக்கு ஒரு சேவல்

“நல்லா பாத்துக்க தாயம்மா. ஒன் பேரு செவந்துபோச்சு” என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

கறுப்புத் திரையில் தோட்டத்துச் சனங்களின் பெயர்கள் வரிசை கட்டி நின்றன. பாதி பச்சை, பாதி சிவப்பு. அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தாயம்மாவின் பெயர் வெற்றிலை போட்ட வாய்போல் சிவந்து கிடந்தது.

ரந்தாவ் பக்கத்தில் ரப்பர் பால் எடுக்கும் கித்தாத் தோட்டம் அது. வீடு கட்டி விற்பவர்களிடம் கைமாறிவிட்டது. கம்பெனிக்கு லாபு என்ற ஊரில் ஒரு செம்பனைத் தோட்டம் உண்டு. அங்கே யாருக்கு வேலையும் வீடும் கொடுக்கலாம், யாரைக் கழித்துக்கட்டலாம் என்று சிரம்பான் தலைமை ஆபீஸ் கேட்டிருந்தது. “நீங்களே மார்க் பண்ணி அனுப்பிடுங்க கிராணி” என்று மானேஜர் இராஜமாணிக்கம் கையைக் கழுவிக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்த நாளிலிருந்தே அமிர்தலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. பெயருக்கு முன்னால் 31m என்று தட்டினால் சிவப்பு, 32m என்று தட்டினால் பச்சை. திரையில் அந்தக் குறி மாயமாய் மறைந்துவிடும், நிறம் மட்டும் நிற்கும். தலையெழுத்து எழுதுகிற வேலையைப் பிரம்மா இவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாற்போல மனுஷர் நடமாடினார்.

பச்சை என்றால் லாபு, சிவப்பு என்றால் மூட்டையைக் கட்டு. சேதி லயத்து வீடுகளுக்கு எட்டியதும் ஆபீஸ் பின்வாசலில் கூட்டம் சேர்ந்தது.

மாயாண்டி வரும்போது சிவப்பாக வந்தான், கக்கத்தில் ஒரு சேவலோடு. போகும்போது பச்சையாகப் போனான், சேவல் இல்லாமல். பலாப்பழம் தூக்கி வந்தவர்களும் அப்படியே பச்சையானார்கள்.

தாயம்மா மட்டும் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

“ஒரு நாளாவது மரம் சீவப் போகாம இருந்திருக்கேனா? எனக்கு எதுக்கு ஐயா செவப்பு?”

“நான் போட்டதில்ல லா. கம்ப்யூட்டர் போட்டது.”

“அப்ப மாயாண்டி சேவலக் கம்ப்யூட்டரா தின்னுச்சு?”

அமிர்தலிங்கத்தின் முகம் கறுத்தது. “பாத்தியா? அந்த வாய்க்குத்தான் செவப்பு!”

“ரெண்டு புள்ளைங்கள இழுத்துக்கிட்டு நான் எங்க ஐயா போவேன்?” தாயம்மாவின் குரல் உடைந்துவிட்டது. “கோழி இல்லாதவ என்ன செய்யறது?”

“ஒரு கோழி வளத்திருக்கலாம்ல?” என்றார் அவர். வெட்கமே இல்லாமல்தான் கேட்டார்.

அவளும் சும்மா படியிறங்கவில்லை. “அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில கொடை பிடிப்பானாம்” என்று பின்வாசல் கூட்டம் முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

கடைசியாகத் தன் பெயருக்கு வந்தார் அமிர்தலிங்கம். வெறும் பச்சை அவருக்குக் கட்டுப்படி ஆகுமா? 5m என்று தட்டினால் எழுத்து மின்னும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 32m-க்குப் பதில் அதையே தட்டினார். அத்தனை பெயருக்கும் அடியில், அமிர்தலிங்கம் என்ற பெயர் மாரியம்மன் திருவிழா விளக்குபோல மின்னி மின்னி அணைந்தது. டீ ஆறிப்போகும்வரை தன்னையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மானேஜர் பட்டியல் இருந்த டிஸ்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “சிரம்பான்ல பெரியவரு எதையும் பேப்பர்லதானே பாப்பாரு?”

“காலம் மாறிப்போச்சு சார். திரையில பாக்கச் சொல்லுங்க. கலரெல்லாம் போட்டு வச்சிருக்கேன், பாத்தா அசந்துடுவாரு!”

அடுத்த வாரம் மானேஜர் ஆபீஸ் வாசலில் எல்லாரையும் கூட்டினார்.

“லாபுல எல்லாருக்கும் வேல உண்டு, வீடும் உண்டு. ஒரே ஒருத்தருக்கு மட்டும் இல்ல.”

அமிர்தலிங்கத்துக்கு இது இடித்தது. சிவப்பில் பாதித் தோட்டமே இருந்ததே! சரி, தொலையட்டும், அந்த ஒருத்தியாவது மாட்டினாளே என்று தாயம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

“அந்த ஒருத்தர் தாயம்மாதானே சார்?”

“தாயம்மாவா? அவங்களுக்குத்தான் முப்பத்தொண்ணு போட்டிருந்தீங்களே!” மானேஜர் கையிலிருந்த தாளைப் பிரித்தார். “பெரியவரு திரையெல்லாம் பாக்கல கிராணி. பேப்பர்ல அடிச்சுக் குடுத்தாங்க, அதுல கலரையே காணோம். பேருக்கு முன்னால 31m, 32m-னுதான் வந்துச்சு. m-னா மார்க்னு பெரியவரே சொல்லிட்டாரு. ‘ஒரு மார்க் வித்தியாசத்துக்கா ஒரு குடும்பத்த வெளிய அனுப்புறது?’ன்னு அத்தன பேரையும் எடுத்துக்கிட்டாரு.”

அமிர்தலிங்கம் ஓரடி முன்னால் வந்தார்.

“அப்ப... எனக்கு சார்?”

மானேஜர் தாளின் கடைசி வரியைப் பார்த்தார். பிறகு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஏன் கிராணி, ஒங்களுக்கு மட்டும் அஞ்சு போட்டுக்கிட்டீங்க?”