மூன்றாவது வரி

"மூணாவது வரியை முழுங்கிட்டே. மறுபடி பாடு."

சூப்பர்வைசரின் மர ஸ்கேல் தையல் மெஷின் மேல் டக்கென்று விழுந்தது. புதியவள் தலை நிமிரவில்லை. வயது பதினெட்டு. வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்.

"அந்த வரி மட்டும் வர மாட்டேங்குது அக்கா. தையல் நேராத்தானே போகுது?"

"பாட்டு தப்பினா கால் தப்பும். கால் தப்பினா ஊசி தப்பும். பாடு."

சூப்பர்வைசர் நகர்ந்ததும் பக்கத்து மெஷின்காரி குனிந்தாள். "ஸ்கேல் அக்கா போன ஜென்மத்துல ஸ்கூல் மணி. அடிச்சுக்கிட்டே இருக்கணும்."

நாற்பது பெண்களும் பாடிக்கொண்டே தைத்தார்கள். பாட்டு வந்த பிறகு சட்டைகள் வேகமாக முடிந்தன. கண்ணாடி அறைக்குள் இருந்த முதலாளிக்கு மெஷின் இரைச்சலை மீறி மெட்டு மட்டும் கேட்கும். அவருக்கு அது போதும்.

அன்று காலை அவர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். "தொழிலாளர் ஆபீசர் வர்றாங்க. கேட்டா, நல்லா இருக்கோம். வேற வார்த்தை வாயில வந்தா நாளையிலேருந்து வர வேண்டாம்."

பின்கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். துணி வெளியே போய்விடக் கூடாதாம். போன வாரம் இஸ்திரி மேசை புகைந்தபோது, அந்தக் கதவில்தான் எல்லோரும் இருமிக்கொண்டே மோதினார்கள். இன்று அதை மறைத்துத் துணி அலமாரி நின்றது.

ஆபீசர் ஒவ்வொரு மெஷினாக வந்தார்.

"நல்லா இருக்கோம் மேடம்."

புதியவளும் அதையே சொன்னாள். ஆபீசர் நோட்டை மூடினார்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "எங்க பொண்ணுங்க பாடிக்கிட்டேதான் தைப்பாங்க மேடம். ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க. மெஷினை நிறுத்துங்கம்மா, தெளிவாக் கேக்கட்டும்."

மெஷின்கள் நின்றன. அந்த அமைதியில் அவர்கள் பாடியதே இல்லை.

சூப்பர்வைசர் ஸ்கேலை உயர்த்திப் புதியவளைப் பார்த்தாள். "முதலாளியே கேட்டுட்டார். பாடு."

புதியவள் எச்சிலை விழுங்கினாள். வரியை விழுங்கவில்லை.

*எட்டு மணி நேரம் போனா என் கை எனது*
*தாகமின்னு எழுந்து போனா தப்பாகாது*
*ஆள் இருக்கும் அறைக் கதவைப் பூட்டக் கூடாது*

மற்றவர்கள் மூன்றாவது வரியைத் திருப்பிப் பாடினார்கள். எல்லோருடைய கண்ணும் அலமாரிக்குப் போனது. ஆபீசரின் கண்ணும் போனது.

"அதைக் கொஞ்சம் நகர்த்துங்க."

பூட்டு தெரிந்தது. ஆபீசர் மறுபடி நோட்டைத் திறந்தார்.

முதலாளியின் முகம் வெளுத்தது. "எவ எழுதின பாட்டு இது?"

சூப்பர்வைசர் ஸ்கேலைக் கீழே வைத்தாள். ஆபீசருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான்தான். உட்காருங்க மேடம், இன்னும் நாலு சரணம் இருக்கு."