விலைப் பக்கம் வரை வந்தவர்

கணவனின் பழைய மேனேஜர் போனை வைத்தபோது அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள்.

அவன் விட்டுவிட்டு வந்த கம்பெனியில் அதே நாற்காலி காலியாக இருக்கிறதாம். திங்கட்கிழமை வந்து உட்கார்ந்தால் போதுமாம். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிடுவாராம், அப்போது பதில் வேண்டுமாம்.

சாப்பாட்டு மேஜையின் பாதியை அவனுடைய லேப்டாப் பிடித்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. காய் நறுக்குவது, மகளின் வீட்டுப்பாடம், மூன்று பேரின் சாப்பாடு எல்லாம் மீதிப் பாதியில்தான்.

டிரைவிங் ஸ்கூல்களுக்கான மென்பொருள் ஒன்றை அவன் தனியாளாக எழுதியிருந்தான். யாருக்கு எந்தக் கார், எந்த மாஸ்டர், மழை பெய்தால் யாருடைய வகுப்பு எந்த நாளுக்குத் தள்ளிப்போகும், எல்லாம் அதுவே சொல்லும். நல்ல மென்பொருள்தான். வாங்கத்தான் ஆளில்லை.

வாங்குகிறவர்களுக்கு அதை எப்படிக் காட்டுவது என்பதில் கடைசி இரண்டு மாதமும் போனது.

முதலில் ஸ்கிரீன் ரெக்கார்டிங். அவன் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட, அவள் குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் ஓரிடத்தில் விழுந்திருந்தது. அதையும் வெட்டி எடுத்தான். வீடியோ அழகாகவே வந்தது. அவள் இதுவே போதும் என்றாள்.

பிறகு அவன் இன்னொன்றைக் கண்டுபிடித்தான். பார்க்கிறவரே கிளிக் செய்து கிளிக் செய்து உள்ளே போய்ப் பார்க்கிற டெமோ. அதைச் செய்து தரும் சாஃப்ட்வேர் முதல் மாதம் இலவசம். அப்புறம் ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்ட வேண்டும்.

“வீடியோன்னா யார் பாத்தாங்க, எங்க நிறுத்தினாங்கன்னு ஒண்ணும் தெரியாது. இதுல அவங்க எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் தெரியும்” என்றான்.

தெரிந்தது. முதல் வாரம் யாருமே வரவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

அந்த வாரம் தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. மகள் என்ன கேட்டாலும் திரையைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

இரண்டாவது வாரம் ஒருவர் வந்தார்.

பெயர் தெரியாது. எந்த ஊரிலிருந்து என்பது மட்டும் காட்டியது. ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இருக்கும் பெரிய நகரம். அன்றிலிருந்து ஞாயிறு தவிர ஒரு நாளும் தவறாமல் வந்தார். முதல் பக்கத்தில் தொடங்கி, கார்களைப் பார்த்து, மழைநாள் பக்கத்தில் நிதானமாக நின்று, விலைப் பக்கம் வரை வருவார். அங்கேயே நின்றுவிடுவார். ‘எங்களிடம் பேசுங்கள்’ என்பதை மட்டும் அழுத்தமாட்டார். அழுத்தினால் போன் நம்பர் கேட்கும்.

அந்த ஒருவருக்காக அவன் விலையைக் குறைத்தான். பக்கத்தின் நிறத்தை மாற்றினான். பல கிளைகள் இருக்கிற பெரிய டிரைவிங் ஸ்கூலாக இருக்கும், அதனால்தான் வாசல் வரை வந்து யோசிக்கிறார்கள் என்று சாப்பிடும்போதெல்லாம் சொன்னான்.

இன்றோடு இலவச மாதம் முடிகிறது.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். வேலைக்குப் போய்க்கொண்டே இதையும் பார்க்கலாமே, காட்டுவதற்கு வீடியோ இருக்கிறதே என்றாள். அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

அவன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். நேற்று வந்தவர் விலைப் பக்கத்தில் மட்டும் பதினோரு நிமிடம் இருந்திருக்கிறார்.

“இவ்வளவு நேரம் ஒருத்தர் சும்மா உக்காந்திருப்பாங்களா? நீயே சொல்லு.”

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் போன் அடித்தது.

அவன் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினான். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கனிந்து வருகிற நேரம், இப்போது முடியாது என்றான். சரி, வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று மேனேஜர் சொன்னது அவளுக்கே கேட்டது.

வைத்த கையோடு உட்கார்ந்து ஒரு வருடச் சந்தாவைக் கட்டினான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அப்படி அவன் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. இருந்தும் நின்றுகொண்டே போனாள்.

அவள் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் அன்று நல்ல கூட்டம். ரிசப்ஷனில் பெயர் கேட்டு, டோக்கன் கொடுத்து, மருந்து விட்டுக் கண்ணை மூடியிருந்தவர்களைக் கைபிடித்து உட்கார வைத்தாள். மதியம்தான் கொஞ்சம் ஓய்ந்தது.

இது கிளை ஆஸ்பத்திரி. இங்கிருக்கும் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் இன்டர்நெட் தலைமை அலுவலகம் வழியாகத்தான். தலைமை அலுவலகம் அந்தப் பெரிய நகரத்தில் இருந்தது. இங்கிருந்து எதைத் திறந்தாலும் அந்த ஊரின் பெயர்தான் காட்டும்.

ஒரே ஒரு நாள் என்று நினைத்துத்தான் அவள் முதல் தடவை அந்த டெமோவைத் திறந்தாள். அன்று அவன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான்.

நேற்று விலைப் பக்கம் திறந்திருந்தபோது ஒரு பெரியவர் வாசற்படியில் தடுக்கி விழுந்துவிட்டார். ஓடிப்போய் அவரைத் தூக்கி, தண்ணீர் கொடுத்து, மகனுக்குப் போன் செய்துவிட்டு வர நேரமாகிவிட்டது.

இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தாள். இன்றைக்கு யாரும் வராவிட்டால் சாயங்காலம் அவன் முகம் எப்படி இருக்கும் என்றும் நினைத்தாள்.

வணக்கம், சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டது திரை.

பார்க்கலாம் என்பதை அழுத்தினாள்.