ஒப்புக்குச் சப்பாணி

ஆட்டுக்குட்டிக்குப் பின்னங்கால் ஒன்று சூம்பிப் போயிருந்தது. தொட்டுப் பிடித்து விளையாடும்போதெல்லாம் நாய்க்குட்டி அதை ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று சேர்த்துக்கொள்ளும். சப்பாணியைத் தொட்டாலும் அவுட் கிடையாது. சப்பாணி யாரையும் துரத்தவும் வேண்டாம். ஆகவே நட்டுவைத்த கல்லைச் சுற்றிப் போவதுபோல் அதைச் சுற்றிக்கொண்டு நாய்க்குட்டியும் கன்றுக்குட்டியும் ஓடும். மாலை முழுக்க யாருடைய மூச்சும் அதன் மேல் படாது.

ஒருநாள் பிடிக்கிற முறை கன்றுக்குட்டிக்கு வந்தது. அது நாய்க்குட்டியைத் துரத்தித் துரத்தி ஓய்ந்துபோய் ஆட்டுக்குட்டியிடம் எரிந்து விழுந்தது.

“உனக்கென்ன மகராசி, அவுட்டே கிடையாது!”

“அப்போ என்னை அவுட்டாக்கு.”

“பாவம்டீ நீ.”

“பாவம்னுதான் சேர்த்துக்கிறீங்கன்னா, நாளையிலிருந்து நான் வரலை.”

நாய்க்குட்டி காதைச் சொறிந்துகொண்டு யோசித்தது. பிறகு புளியமர நிழலைச் சுற்றிக் காலால் கோடு கிழித்தது.

“இனிமே எல்லை இவ்வளவுதான். தாண்டினா அவுட். சப்பாணின்னு யாரும் கிடையாது.”

சொல்லி முடிப்பதற்குள் கன்றுக்குட்டி ஆட்டுக்குட்டியின் விலாவில் ஒரு முட்டு முட்டியது.

“அவுட்! இப்போ நீதான் பிடிக்கணும்.”

ஆட்டுக்குட்டி மூன்று காலில் பாய்ந்தது. கோட்டுக்குள் மற்ற இரண்டுக்கும் ஓட இடம் போதவில்லை. கன்றுக்குட்டி சட்டென்று நின்று, “உனக்காக விட்டுக்கொடுக்கட்டுமா?” என்றது.

“வாயை மூடிட்டு ஓடுடீ!”

கன்றுக்குட்டி ஓடியது. ஆட்டுக்குட்டியின் மூச்சு வாலில் பட, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியது.